மூன்று, இரண்டு, இரண்டு: பிள்ளையின் தாளத்தைக் கணினி எண்ணும்போது

யாழ்ப்பாணத்தில் 'இசை', 'மதிப்பீடு' என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்கு முதலில் ஞாபகம் வருவது வட இலங்கைச் சங்கீத சபையின் சோதனைதான். இன்னும் பேச்சு வராத தன் மகனை இசைச் சிகிச்சைக்குக் கூட்டி வரும் ஓர் அம்மாவிடம், "முதல் மூன்று கிழமையும் மதிப்பீடு மட்டும்தான்" என்று சொல்லிப் பாருங்கள். "இவனுக்கு ஸரளி வரிசையே தெரியாதே, எந்தத் தரத்துக்குச் சோதனை?" என்று அவர் பதறினால் அதில் பிழை ஒன்றுமில்லை. நம் ஊரில் இசையை மதிப்பிடுவதென்றால் சுருதி சேருகிறதா, தாளம் தப்புகிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவது. பெறுபேறு வரும், சான்றிதழ் வரும், கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கும்.

இசைச் சிகிச்சையில் பிள்ளை எவ்வளவு நன்றாக வாசிக்கிறான் என்பது கேள்வியே இல்லை. இசை நடந்துகொண்டிருக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி. கையை நீட்டி மேளத்தைத் தொடுகிறானா? சத்தம் சட்டென்று நின்றால் நிமிர்ந்து பார்க்கிறானா? தெரிந்த பாட்டின் கடைசிச் சொல்லை நாம் பாடாமல் விட்டால், அந்த இடத்தை ஏதாவது ஒலியால் நிரப்பப் பார்க்கிறானா? இருவர் மாறி மாறி அடிக்கும்போது தன் முறை வரும்வரை பொறுத்திருக்கிறானா? பேச்சு, கவனம், கை இயக்கம், பிறரோடு சேருதல் எல்லாவற்றையும் இசை என்ற ஒரு சன்னல் வழியாகப் பார்க்கிறோம். கிளினிக் மேசைக்கு முன்னால் மூடிக்கொள்ளும் பிள்ளை மேளத்துக்கு முன்னால் திறந்துகொள்வதுண்டு. அதனால்தான் இப்படிப் பார்க்கிறார்கள்.

சரி, இதில் கணினிக்கு என்ன வேலை?

இந்த அசைவுகள் மிகச் சிறியவை, மிக விரைவானவை. சிகிச்சையாளரின் இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும், கண் பிள்ளையில் இருக்கும், காது இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அரை மணித்தியால அமர்வு முடிந்து கதவைச் சாத்திய பிறகு உட்கார்ந்து எழுதினால், நினைவில் நிற்பது இரண்டு காட்சிதான்: பிள்ளை சிரித்த இடம் ஒன்று, அழுத இடம் ஒன்று. நடுவில் இருந்த இருபத்தைந்து நிமிடம் எங்கோ போய்விடும். பிள்ளையிடம் அன்பு கூடியவர் சிரிப்பைப் பெரிதாக எழுதுவார், களைத்திருப்பவர் அழுகையைப் பெரிதாக எழுதுவார். மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

இந்தச் சிக்கலைக் கணினிக்கு முன்பே கண்டவர்கள் அமெரிக்க இசையமைப்பாளர் போல் நோர்டொஃப், ஆங்கிலேயச் சிறப்புக் கல்வி ஆசிரியர் கிளைவ் ரொபின்ஸ் இருவரும். 1959 முதல் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய இவர்கள் அமர்வுகளை நாடா ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து, பின்னர் சிறிது சிறிதாகப் போட்டுக் கேட்டுக் குறிப்பெழுதினார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தவைதான் அவர்களின் அளவுகோல்கள்: பிள்ளைக்கும் சிகிச்சையாளருக்கும் இடையிலான உறவு எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கு ஒன்று, இசை வழியான தொடர்பாடலுக்கு இன்னொன்று. 1987 இல் கென்னத் புருஷியா தன்னியல்பு வாசிப்பைக் கேட்டு அறிவதற்கு ஆறு கோணங்களை வகுத்துக் கொடுத்தார். இவை எல்லாம் காதையும் பென்சிலையும் நம்பியவை. நாடாவை முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்கும் பொறுமைதான் அந்தக் காலத்தின் மென்பொருள் என்று சொல்லலாம்.

பெட்டிக்குள் கட்டம்

2007 இல் அமெரிக்க இசைச் சிகிச்சையாளர்கள் சிலர் சேர்ந்து வெளியிட்ட ஒரு மதிப்பீட்டுமுறை இந்தத் துறையில் பரவலாகப் பேசப்பட்டது. அதைச் சுருக்கமாக 'இம்டாப்' என்பார்கள். பத்துத் துறைகள்: உடலின் பெரிய அசைவு, விரல்களின் நுண்ணசைவு, வாயின் அசைவு, புலன்கள், கேட்டு விளங்குதல், வெளிப்படுத்துதல், சிந்தனை, உணர்ச்சி, சமூக உறவு, கடைசியாக இசைத்தன்மை. எல்லாவற்றிலுமாக 374 திறன்கள். பெற்றோரிடம் கேட்டு நிரப்பும் படிவத்தை வைத்து எந்தத் துறைகள் இந்தப் பிள்ளைக்கு வேண்டும் என்று முதலில் தீர்மானிப்பார்கள். 374 ஐயும் ஒரு பிள்ளையில் பார்ப்பதில்லை, நல்ல காலம்.

ஒவ்வொரு திறனுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஒருபோதும் இல்லை என்றால் சுழியம். நூற்றுக்கு 50 க்குக் கீழே என்றால் அரிதாக. 50 முதல் 79 வரை என்றால் சில வேளை வரும், சில வேளை வராது. 80 உம் அதற்கு மேலும் என்றால் நிலையாக. புத்தகத்தோடு ஒரு சீடியும் வந்தது. குறித்ததை அந்த மென்பொருளில் இட்டால் கூட்டிப் பெருக்கி, துறைவாரியாக வீதம் காட்டி, வரைபடமும் போட்டுக் கொடுக்கும். (இன்றைய லப்டொப் பெரும்பாலானவற்றில் சீடி போட இடமே இல்லை என்பது வேறு கதை. மென்பொருளின் ஆயுள், அது அளக்கும் பிள்ளையின் பிள்ளைப்பருவத்தைவிடக் குறைவாக இருப்பதுண்டு.)

இந்த வகை மென்பொருள் உண்மையில் ஒரு கணக்குப்பிள்ளை. பிள்ளையை அது பார்ப்பதில்லை. பார்த்தவர் சொன்னதை ஒழுங்காக அடுக்கி வைக்கிறது. அது கெட்டித்தனமான வேலைதான், ஆனால் எங்கே வழுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஓர் உதாரணம். சிகிச்சையாளர் பாட்டை நடுவில் நிறுத்தி, பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறானா என்று கவனிக்கிறார். ஓர் அமர்வில் நான்கு தரம் நிறுத்தினார், மூன்று தரம் பார்த்தான். நூற்றுக்கு 75, ஆகவே 'சில வேளை'. அடுத்த கிழமை ஐந்து தரம் நிறுத்தினார், நான்கு தரம் பார்த்தான். நூற்றுக்கு 80, ஆகவே 'நிலையாக'. வரைபடத்தில் ஒரு படி ஏறிவிட்டது. அம்மாவுக்குச் சந்தோசம். ஆனால் இரண்டு கிழமையும் பிள்ளை தவறவிட்டது ஒரே ஒரு தரம்தான். மாறியது சிகிச்சையாளர் எத்தனை முறை நிறுத்தினார் என்பது. வீதத்தை மட்டும் எழுதி, எத்தனையில் எத்தனை என்பதை எழுதாத அறிக்கையைக் கண்டால் நான் முதலில் கேட்பது அந்தக் கீழெண்ணைத்தான்.

ஏழில் ஒரு பிழை

இன்னொரு வகை மென்பொருள் நேரடியாக ஒலியையே கேட்கிறது. பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் யாக்கோ எர்க்கிலாவும் கூட இருந்தவர்களும் உருவாக்கிய இசைச் சிகிச்சைக் கருவித்தொகுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிள்ளையும் சிகிச்சையாளரும் ஆளுக்கொரு மிடி இசைக்கருவியில் வாசிப்பார்கள். மிடி என்பது 1983 முதல் இசைக்கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் பொது மொழி: எந்தச் சுரம், எந்த நேரத்தில், 127 வரை போகும் எண்ணில் எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதை அது பதியும். அந்தப் பதிவிலிருந்து மென்பொருள் இரண்டு கோடுகள் வரையும். ஒன்று பிள்ளையுடையது, மற்றது சிகிச்சையாளருடையது. ஒரு செக்கனுக்கு எத்தனை சுரம், எவ்வளவு பலம், துடிப்பு எவ்வளவு தெளிவு, இரண்டு கோடும் எங்கே சேர்ந்து ஏறுகின்றன, எங்கே விலகுகின்றன என்று திரையில் பார்க்கலாம். சிகிச்சையாளர் மெல்லக் குறைத்தபோது ஐந்து செக்கன் கழித்துப் பிள்ளையும் குறைத்தான் என்பது காதுக்குத் தப்பலாம், கோட்டில் தப்பாது. எனக்கு மிகவும் பிடித்த வகை இது. ஆகவே இதன் குறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இணுவிலில் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊர், நாதஸ்வரமும் தவிலும் கேட்டே வளரும் ஊர். நம் கற்பனைப் பையனுக்கு ஆறு வயது, ஓட்டிசம் இருக்கிறது, பேச்சு இல்லை. மாமா தவில்காரர். பையன் கணினியோடு இணைத்த மேளப் பட்டையில் தட்டுகிறான்: தகிட, தக, திமி. மூன்று, இரண்டு, இரண்டு. ஏழு அட்சரம் கொண்ட மிச்ரசாபு தாளம். தட்டுக்குத் தட்டு இம்மியும் பிசகவில்லை. ஓர் அட்சரம், அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கை, 200 மில்லிசெக்கன் என்று வைத்தால், தட்டுகளுக்கு இடையிலான தூரம் 600, 400, 400, மறுபடி 600, 400, 400.

துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க எளிய மென்பொருள் செய்யும் கணக்கு இது: தூரங்களின் சராசரியை எடு, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார். இங்கே சராசரி ஏறத்தாழ 467, நியம விலகல் 94. அதாவது நூற்றுக்கு 20 தடுமாற்றம். ஒரு பிசகும் இல்லாமல் வாசித்த பிள்ளைக்கு 'துடிப்பு நிலையில்லை' என்று பெறுபேறு வரும். பக்கத்து அறையில் சம தூரத்தில் எட்டெட்டாக, ஓரளவு தளம்பித் தட்டிய பிள்ளை அவனைவிட நல்ல புள்ளி எடுப்பான். அறையில் ஒரு மிருதங்க ஆசிரியர் இருந்தால் இரண்டே ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) தலையாட்டியிருப்பார்.

கணக்கில் பிழை இல்லை. தட்டுகள் எல்லாம் சம தூரத்தில்தான் விழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பில்தான் பிழை. மூன்று, இரண்டு, இரண்டு என்ற அச்சைக் கொடுத்து, அதிலிருந்து எவ்வளவு விலகினான் என்று கேட்டால் விடை சுழியம். இதற்குப் பெரிய நிரல் ஒன்றும் வேண்டாம், எக்செல் அட்டவணையிலேயே செய்துவிடலாம். ஆனால் யாராவது அதைக் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு அந்த ஆளுக்குச் சாபு தாளம் காதில் இருக்க வேண்டும்.

சுரத்திலும் இதே கதைதான். மிடி வாசிப்பு எந்தச் சுரத்தானத்தை மையமாகக் கொண்டது என்று கண்டுபிடிக்க மேற்கில் பழக்கமான ஒரு வழி, பெரிய (மேஜர்) ஸ்கேல் 12, சிறிய (மைனர்) ஸ்கேல் 12 என்று 24 அச்சுகளோடு ஒப்பிட்டு எது நன்றாகப் பொருந்துகிறது என்று பார்ப்பது. நம் பிள்ளைகள் சங்கீதத்தில் முதன்முதல் கால் வைப்பதே மாயாமாளவகௌளை ராகத்தில். அதன் சுத்த ரிஷபமும் அந்தர காந்தாரமும், மேலே சுத்த தைவதமும் காகலி நிஷாதமும் சேர்ந்த அமைப்பு அந்த 24 இல் எதிலும் ஒழுங்காக உட்காராது. அக்காவின் வாய்ப்பாட்டு வகுப்பைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டே வளர்ந்த ஒரு பிள்ளை கீபோர்டில் தேடிப் பிடித்த சுரங்களை மென்பொருள் 'மையம் தெளிவில்லை' என்று காட்டினால், அது பிள்ளையைப் பற்றிய செய்தி இல்லை. சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கீபோர்ட் கட்டைக்கு நடுவில் அதற்கு இடமே இல்லை.

குரலுக்கென்று வேறு வழி உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிராட்' என்ற இலவச மென்பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தை வளைகோடாக வரையும். பேச்சில்லாத பிள்ளை முனகினால்கூட அந்த முனகல் சுருதிப்பெட்டியின் ஆதார சுருதியை நோக்கிச் சரிந்து வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். நானறிந்தவரை, இதைவிட ஒரு சங்கீத ரீச்சரை லப்டொப் பக்கம் இழுக்கும் காட்சி வேறில்லை. இரண்டு விசயம் மட்டும் கவனிக்க வேண்டும். மென்பொருள் குரலைத் தேடும் மேல் எல்லையை 500 ஹேர்ட்ஸில் வைத்துவிட்டால் பிள்ளை கீச்சென்று போகும் இடமெல்லாம் கோடு அறுந்துவிடும். மைக் சுருதிப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் மென்பொருள் பிள்ளையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பின்தொடரும். அப்புறம் பிள்ளை அபாரமாகச் சுருதி சேர்ந்தான் என்று அறிக்கை வரும்!

இரண்டு பேர், ஒரு வீடியோ

மூன்றாவது வகைதான் யாழ்ப்பாணத்துக்கு இப்போதைக்குப் பொருத்தமானது என்பது என் கட்சி. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் 'ஈலான்' என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. அது உண்மையில் மொழி ஆய்வாளருக்காகச் செய்தது. வீடியோவுக்குக் கீழே நேரக்கோடு ஒன்று ஓடும். அதன் மேல் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போடலாம்: ஓர் அடுக்கு பிள்ளையின் பார்வைக்கு, ஓர் அடுக்கு கைக்கு, ஓர் அடுக்கு குரலுக்கு, ஓர் அடுக்கு சிகிச்சையாளர் செய்ததற்கு. தமிழிலேயே எழுதலாம், இணையம் தேவையில்லை. சாதாரண போன் வீடியோவில் செக்கனுக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லிசெக்கன், பாட்டு நின்றதற்கும் பிள்ளை திரும்பியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அளக்க அது தாராளம். பாட்டை புளுடூத் ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் ஒலி 100, 200 மில்லிசெக்கன் பிந்தி வரும், ஆகவே வயரை மாட்டிக்கொள்வது நல்லது. கையால் வாசித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இதன் உண்மையான பயன் இருவர் தனித்தனியாக ஒரே வீடியோவைக் குறித்து, பிறகு ஒப்பிடும்போது தெரியும். பத்துப் பத்துச் செக்கன் கொண்ட 50 துண்டுகள் என்று வைப்போம். ஒவ்வொன்றிலும் பிள்ளை சிகிச்சையாளரின் முகத்தைப் பார்த்தானா, ஆமா இல்லையா. முதலாமவர் 10 துண்டில் ஆம் என்கிறார், இரண்டாமவரும் 10 இல்தான் ஆம் என்கிறார். இருவரும் சேர்ந்து ஆம் சொன்னது 5 இல், சேர்ந்து இல்லை சொன்னது 35 இல். மொத்தம் 40 இல் உடன்பாடு, நூற்றுக்கு 80. நல்ல பெறுபேறு போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் பிள்ளை பெரும்பாலான நேரம் பார்க்கவே இல்லை என்பதால், இருவரும் கண்ணை மூடிக்கொண்டு இதே அளவில் ஆம், இல்லை என்று குறித்திருந்தாலும் 68 வீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலாக வரும் அந்தப் பங்கைக் கழித்துப் பார்க்க ஜேக்கப் கோஹன் 1960 இல் ஒரு கணக்குச் சொன்னார். அதன் பெயர் கப்பா. இங்கே கப்பா 0.375. முழு உடன்பாடு என்றால் 1 வர வேண்டும். ஆக, பிள்ளை பார்த்தான் என்று ஒருவர் சொன்ன இடங்களில் பாதியில் மற்றவர் அதைக் காணவில்லை.

இனித்தான் நல்ல பகுதி. இருவரும் உட்கார்ந்து சண்டை பிடிப்பார்கள். "அவன் உங்கட கையைத்தானே பார்த்தவன்?" "இல்லை, ஒருக்கால் முகத்தையும் பார்த்தவன், பின்னுக்கு ஓட்டுங்கோ." பின்னுக்கு ஓட்டுவார்கள். முகம் என்றால் என்ன, கடைக்கண்ணும் பார்வையா, ஒரு செக்கனாவது நிற்க வேண்டுமா என்று வரையறை எழுதுவார்கள். அந்த வரையறை எழுதப்படும் இடத்தில்தான் மதிப்பீடு நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். கண்டதை முதலில் எழுது, நினைத்ததைப் பிறகு சொல் என்று மென்பொருள் நம்மைக் கட்டிப்போடுகிறது. அதற்கு மேல் அது செய்யும் கூட்டல் பெருக்கல் எல்லாம் உபரி.

எதை அளக்கிறோம் என்பது முடிவையே மாற்றிவிடும் என்பதற்குப் பெரிய அளவில் ஒரு சாட்சி உண்டு. ஓட்டிசம் உள்ள 4 முதல் 7 வயது வரையான 364 பிள்ளைகளை 9 நாடுகளில் எடுத்துச் செய்த ஆய்வு 2017 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. ஐந்து மாதம் கழித்து, வழமையான கவனிப்போடு இசைச் சிகிச்சையும் பெற்ற பிள்ளைகளுக்கும் பெறாத பிள்ளைகளுக்கும் இடையில், ஓட்டிசத்தைக் கண்டறியப் பயன்படும் 'ஏடோஸ்' அளவுகோலின் சமூகப் பகுதியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. துறையில் இருந்தவர்களுக்கு அது ஒரு குட்டு. 2022 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளையும் 1165 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தத்தில் பிள்ளை முன்னேறினாரா என்ற கேள்விக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் நல்ல அறிகுறி தெரிந்தது. சமூக ஊடாட்டம், பேச்சு என்று தனித்தனியாகக் கேட்டபோது சிகிச்சை முடிவில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பெற்றோர் "பிள்ளை மாறிவிட்டான்" என்று சொல்வதும் அளவுகோல் "மாற்றமில்லை" என்று சொல்வதும் ஒரே பிள்ளையைப் பற்றியதாக இருக்கலாம், இரண்டுமே பொய்யில்லாமலும் இருக்கலாம். கண்டறியச் செய்த அளவுகோல் சின்ன மாற்றத்தைக் காட்டச் செய்ததல்ல. இன்னொன்று: முதலில் சொன்ன ஆய்வின் ஒன்பது நாடுகளில் தெற்காசிய நாடு ஒன்றும் இல்லை.

நம் அறை, நம் சத்தம்

யாழ்ப்பாணத்து அறைக்கு வருவோம். முதலில் காது. காது கேளாத பிள்ளைகளும் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலை இருக்கும் மாவட்டம் இது, கேட்கும் குறையைப் பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை என்று வரும் பிள்ளைக்குக் செவிப்புலன் பரிசோதனை செய்யாமலே 'ஒலிக்குத் திரும்பவில்லை' என்று கட்டத்தில் குறிப்பதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. இதை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துச் சொல்லாது, வைத்தியசாலைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அப்புறம் வெளிச்சத்தம். நல்லூர்த் திருவிழா 25 நாளும், ஆடி ஆவணி முழுக்க ஊர் ஊராகக் கோயில்களும் ஒலிபெருக்கி கட்டும் ஊரில் ஒலியைப் பகுத்துப் பார்க்கும் மென்பொருளை நம்பினால், அது மேளத் தட்டு என்று எண்ணுவதில் பாதி வெளியிலிருந்து வந்ததாக இருக்கும். அதைவிட முக்கியம், வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு இரவு தூங்காத பிள்ளை அந்தக் கிழமைகளில் காட்டும் நடத்தை அவனுடைய வழமையான நடத்தை இல்லை. முதல் மதிப்பீட்டைத் திருவிழாவுக்குள் வைத்து, இரண்டாவதைக் கார்த்திகையில் வைத்தால் எந்தச் சிகிச்சையும் வெற்றிதான்! திகதியோடு அன்று ஊரில் என்ன நடந்தது என்பதையும் எழுதி வைப்பது நல்லது. மின்வெட்டு இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்ததை மறந்துவிட்டுக் கடதாசிப் படிவத்தைத் தூக்கி எறிய வேண்டாம்.

மொழி இன்னொரு பாடு. ஆங்கிலப் படிவத்தை அப்படியே மொழிபெயர்த்தால் 'வாய்மொழிக் கட்டளைக்கு இணங்குதல்' என்று ஒரு வரி வரும். யாழ்ப்பாண வீட்டில் பிள்ளை கேட்டிருப்பது "இஞ்ச வா", "தாங்கோ", "பொறு" தான். படிவத்தில் அதைத்தான் போட வேண்டும். பேச்சில்லாத பிள்ளைகளில் சிலர் போனில் ஆங்கிலப் பாட்டுகளையே கேட்டுப் பழகி, ஆங்கிலச் சொல்லுக்குத்தான் திரும்புவார்கள். அதையும் அம்மா சொன்னால்தான் தெரியும்.

வீடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளைப் பற்றிய தரவையும் உடல்நலத் தரவையும் இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறப்பு வகையாகப் பார்க்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 'பதிவு' என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் வேறு ஞாபகங்களும் உண்டு, கமராவைக் கண்டதும் விறைக்கும் அப்பாவிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை. எங்கே வைப்போம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று முதலே சொல்லிவிட வேண்டும். கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று வீட்டாரே கேட்பார்கள். அதற்கும் விடை யோசித்து வைத்திருப்பது நல்லது. முதல் பத்து நிமிடம் கமராவே வேண்டாம் என்பேன்.

அப்படியானால் தொடங்க என்ன வேண்டும்? ஒரு பழைய லப்டொப், ஒரு போன், அதை நிறுத்தி வைக்க ஒரு கால், ஈலான், ஓர் எக்செல் தாள். 374 வேண்டாம், இந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் 12 திறன் போதும், யாழ்ப்பாணத் தமிழில். பார்க்க இருவர்: ஒருவர் பிள்ளை வளர்ச்சி தெரிந்தவர், மற்றவர் சங்கீதம் தெரிந்தவர். மருதனார்மடத்தில் பல்கலைக்கழக இசைத்துறையும், அங்கிருந்து வெளியேறி வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளும் இருக்கும் ஊரில் இரண்டாமவரைத் தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. இணுவில் பையனின் மூன்று, இரண்டு, இரண்டைக் கண்டுபிடிக்கப் போகிறவர் அவர்தான்.

அறிக்கை எப்படி இருக்க வேண்டும்? வரைபடத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு, அம்மாவின் கையில் கொடுக்க இப்படி எழுதலாம்: "நான்கு அமர்வில் 22 தரம் பாட்டை நிறுத்தினோம். முதல் அமர்வில் 6 இல் 1 தரம் நிமிர்ந்து பார்த்தார், நான்காவதில் 5 இல் 3 தரம். பார்க்க எடுத்த நேரம் 4 செக்கனிலிருந்து 2 ஆகக் குறைந்தது. தன் முறைக்குப் பொறுத்திருப்பது இன்னும் வரவில்லை. மேளத்தில் ஏழு அட்சரக் கணக்கில் தட்டுகிறார், மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்." அதற்குக் கீழே 'வீட்டில் கண்டது' என்று தலைப்பிட்டு நான்கு வரி வெறுமையாக விட்டு, பேனையோடு கொடுத்துவிட வேண்டும்.